பாதியில் வைத்த புத்தகங்கள்

ஜூன் 12

செயலாராய்ச்சி செய்பவர்கள் அன்றாடம் குறிப்பு எழுத வேண்டும் என்று பயிற்சி வகுப்புகளில் வருஷக்கணக்காக நான்தான் மற்றவர்களுக்குச் சொல்லி வந்திருக்கிறேன். இப்போது நானே எழுதப்போகிறேன். பார்த்தது, கேட்டது, செய்தது. சொந்த விஷயம் இதில் வராது.

மதியம் ஊசிப்பாறை எஸ்டேட் வந்து சேர்ந்தேன். கடைசி வளைவிலிருந்தே பேருந்து ஜன்னலுக்கு வெளியே எதுவும் தெரியவில்லை. மூடுபனி. கண்டக்டர் ‘பள்ளிக்கூடம் எறங்கு’ என்றதை நம்பி இறங்கினேன். பேருந்து போன பிறகுதான் எதிரே ஒரு கட்டடம் இருப்பது மெல்லத் தெரிந்தது.

மாவட்டத்தில் பள்ளி நூலகங்களைப் பார்த்துக்கொள்ளும் ஆசிரியர்கள் ஒரு குழுவாகச் சேர்ந்திருக்கிறோம். வருஷத்துக்கு ஒரு பள்ளியை எடுத்துக்கொள்வோம். அங்கே நூலகம் ஏன் நடக்கவில்லை என்று ஆராய்ந்து, சரிசெய்து, கற்றதை மற்றப் பள்ளிகளுக்குச் சொல்வோம். இந்த வருஷம் இந்தப் பள்ளி. வேலையில் மூன்று பேர். கோயம்புத்தூர் ஆசிரியர் பயிற்சி நிறுவனத்தில் விரிவுரையாளரான நான். இங்கே அறிவியல் ஆசிரியை பிரிசில்லா. நூலகமும் அவர் பொறுப்புதான். கீழே டவுனில் கிளை நூலகத்தை நடத்தும் ரவூப் சார்.

வாரம் ஒருமுறை வந்துபோனாலே போதும். நான்தான் எழுதிக் கேட்டு, இங்கேயே தங்குவதற்கு அனுமதி வாங்கினேன். ஆய்வு ஆழமாக இருக்கும்.

ஆசிரியர் குவார்ட்டர்ஸில் தரை ஐஸ் மாதிரி இருக்கிறது. ஆதிரைக்கு இந்தக் குளிர் ஆகவே ஆகாது.

ஜூன் 13

நூலகம் பள்ளியின் கடைசி அறை. பின் ஜன்னலைத் திறந்தால் தேயிலைச் சரிவு. நல்ல இரும்பு அலமாரிகள், தரையில் கோரைப்பாய்கள், சுவரில் பிள்ளைகள் வரைந்த படங்கள். என் அனுபவத்தில் இவ்வளவு ஒழுங்கான பள்ளி நூலகத்தைக் குறைவாகத்தான் பார்த்திருக்கிறேன். ஆனால் போன வருஷம் முழுக்க ஒரு பிள்ளைகூடப் புத்தகம் எடுத்துப் போகவில்லை.

பிரிசில்லா பூட்டைத் திறப்பதற்கு முன் கதவை இரண்டு தட்டுத் தட்டினார். உள்ளே யாராவது இருக்கிறார்களா என்று கேட்டேன். பழக்கம் என்றார்.

பிறகு ஏழாம் வகுப்பு வந்தது. செருப்பை வெளியே கழற்றிவிட்டு உள்ளே வந்தார்கள். எல்லோரும் சுவரை ஒட்டி நின்றார்கள். நடுவில் விரித்த பாய்களில் ஒருவரும் உட்காரவில்லை. அலமாரிப் பக்கம் ஒரு கைகூடப் போகவில்லை. பயந்தார்கள் என்று சொல்ல முடியாது. குழந்தை தூங்குகிற வீட்டில் மற்றவர்கள் நடமாடுவது போல இருந்தார்கள். மணி அடித்ததும் ஓசையில்லாமல் வெளியே போனார்கள். வராந்தாவைத் தாண்டிய பிறகுதான் சத்தம் கேட்டது.

ஜூன் 17

மழை. குவார்ட்டர்ஸ் வாசலில் அட்டைகள். காலில் ஏறியதைப் பிரிசில்லா உப்பு வைத்து எடுத்துவிட்டார். கேஸ் சிலிண்டர் வரவில்லை. அவர் வீட்டிலேயே ரசமும் அப்பளமும்.

தலைமையாசிரியரைப் பார்த்தேன். நல்ல மனிதர், அவசரக்காரர். பள்ளிக்கு ஸ்மார்ட் போர்டு வருகிறதாம், அறை வேண்டுமாம். யாரும் பயன்படுத்தாத நூலகத்தைக் காலாண்டுத் தேர்வுக்குள் காலி செய்துவிட்டு, புத்தகங்களைப் பழைய பேப்பருக்குப் போட்டுவிடலாம் என்கிறார். அதற்குள் பிள்ளைகள் வந்து படித்தால் அறை எங்களுக்கு.

மாலையில் வீட்டிலிருந்து அவர் போனில் கூப்பிட்டார். ஊருக்கு எப்போது வருகிறாய் என்றார். வேலை இருக்கிறது என்றேன்.

ஜூன் 20

நூலகத்துப் பாய்கள் ஈரமாகவே இருக்கின்றன. பாய் முழுக்க அல்ல. அங்கங்கே, ஓர் ஆள் உட்காரும் அளவுக்கு. நனைந்த துணியோடு யாரோ உட்கார்ந்து எழுந்த மாதிரி. அறை முழுக்க மழைமண் வாசம்.

கூரை ஒழுகுகிறது என்று எழுதிக்கொண்டேன். எஸ்டேட் மேஸ்திரியை வரச் சொல்லியிருக்கிறேன்.

ஜூன் 24

மேஸ்திரி ஓடுகளை எல்லாம் பார்த்துவிட்டார். எங்கும் ஒழுகவில்லை. பாய்களை வெயில் வந்த கொஞ்ச நேரம் வெளியே காயப் போட்டு, உலர்ந்தபின் மறுபடி விரித்தேன்.

ஜூன் 25

ஈரம். அதே இடங்களில்.

ஜூன் 27

ரவூப் சார் டவுனிலிருந்து ஜீப்பில் இரண்டு பெட்டி புதுப் புத்தகங்களோடு வந்தார். குடையை மடக்கும்போதே பேச ஆரம்பிக்கிற மனிதர். ‘பிள்ளைங்களுக்குப் படிக்கப் பிடிக்கலையா, இந்த ரூம் பிடிக்கலையா, இந்தப் புத்தகம் பிடிக்கலையா? மூணையும் தனித்தனியா பாக்கணும் மேடம்’ என்றார். சரியான கேள்வி. எனக்கே முதலில் தோன்றியிருக்க வேண்டும்.

புதுப் புத்தகங்களை வராந்தாவில் பரப்பினோம். இடைவேளை மணி அடித்ததும் பிள்ளைகள் மொய்த்துவிட்டார்கள். டைனோசர் புத்தகத்துக்கு அடிதடி. அதே புத்தகங்களை மதியம் நூலகத்துக்குள் கொண்டுபோய் வைத்தோம். உள்ளே வந்தும் எடுத்தார்கள். ஆனால் சுவரோரமாக நின்றபடியே படித்தார்கள். ஜன்னலடியில் இருக்கும் குட்டை அலமாரியை மட்டும் ஒருவரும் தொடவில்லை. பாய்களையும்.

அந்த அலமாரியில் இருப்பவை எங்கிருந்து வந்தவை என்று பிரிசில்லாவிடம் கேட்டேன். கீழ் டிவிஷன் பள்ளியிலிருந்து என்று மட்டும் சொன்னார். ரவூப் சார், அவை பழசாகிவிட்டதால் கழித்துவிடலாம் என்று யோசனை சொன்னார். பிரிசில்லா எழுந்து போனார்.

ஜூன் 28

பிரிசில்லா காலையில் தானாகவே வந்து சொன்னார்.

இரண்டு வருஷத்துக்கு முன்வரை எஸ்டேட்டின் கீழ்ப்பகுதியில், கீழ் டிவிஷனில், ஒரு சின்ன நடுநிலைப் பள்ளி இருந்தது. அங்கேதான் அவர் ஆசிரியை. ஆடி மழை. நூலக வகுப்பு நடந்துகொண்டிருந்தபோதே கலெக்டர் மறுநாளும் சேர்த்து விடுமுறை அறிவித்துவிட்டதாகத் தகவல் வந்து, பிள்ளைகளை அவசரமாக வீட்டுக்கு அனுப்பினார்கள். படித்த புத்தகங்களை அப்படியே பாயில் கவிழ்த்துவிட்டு ஓடினார்கள். மறுநாள் காலை மலை சரிந்து, தொழிலாளர்கள் குடியிருக்கும் லயன் வீடுகள்மேல் விழுந்தது. பள்ளிக்கட்டடத்துக்கு ஒன்றும் ஆகவில்லை. பிள்ளைகளில் சிலர் போய்விட்டார்கள். பிறகு பள்ளியை மூடி, மிஞ்சியவர்களையும் புத்தகங்களையும் இங்கே கொண்டுவந்தார்கள்.

குட்டை அலமாரியில் இருப்பவை அந்தப் பாயில் கவிழ்ந்துகிடந்தவை. எந்தப் பிள்ளை எந்தப் பக்கத்தில் நிறுத்தியதோ, அங்கே பிரிசில்லா ஒரு சில்வர் ஓக் இலையை வைத்து மூடியிருக்கிறார். தேயிலைக்கு நிழல் தரும் மரத்தின் இலை. சீப்பு மாதிரி கிழிந்திருக்கும், அடிப்பக்கம் வெள்ளி நிறம்.

பேசி முடித்துவிட்டு, பத்தாம் வகுப்புக்கு ஒளிச்சிதறல் நடத்தப் போய்விட்டார்.

இது பெரிய கண்டுபிடிப்பு. பிள்ளைகளின் துக்கம் நூலகத்தைப் பூட்டி வைத்திருக்கிறது. குழுவுக்கு எழுத வேண்டும்.

ஜூலை 3

குட்டை அலமாரிப் புத்தகங்களைப் பார்வையிட்டேன். கடலடி உயிர்கள் பற்றிய புத்தகத்தில் இலை திமிங்கலப் படத்தில் இருக்கிறது. அட்டையைப் புரட்டினால் உள்ளே பென்சிலில் தீபக் என்று பெயர்.

ஜூலை 4

இலை சுறாவில் இருக்கிறது. நேற்று நான் சரியாகப் பார்க்கவில்லை போலும்.

ஜூலை 7

சரியாகத்தான் பார்த்திருக்கிறேன். இன்று இலை ஆமைக்குப் போயிருக்கிறது. மற்றப் புத்தகங்களிலும் நகர்ந்திருக்கிறது. சாவி என்னிடம் ஒன்று, பிரிசில்லாவிடம் ஒன்று. அவர் மேல் சந்தேகம் வந்து, அவருடைய சாவியையும் வாங்கி வைத்துக்கொண்டேன். அவர் காரணம் கேட்கவில்லை.

ஜூலை 8

நகர்ந்திருக்கிறது.

காற்று, ஈரப்பதம், எலி. மூன்றையும் எழுதி வைக்கிறேன். எனக்கே சிரிப்பு வருகிறது.

ஜூலை 9

ஏழாம் வகுப்பில் மோனிஷா என்று ஒரு பெண். இரட்டைச் சடை, குரல் மட்டும் பெரிய மனுஷிக் குரல். தீபக் அவளுடைய அண்ணன். அவளும் அம்மாவும் மலை சரிந்த அன்று காலை ரேஷன் கடைக்குப் போயிருந்ததால் பிழைத்தவர்கள். வினாத்தாள், படிவம் எல்லாவற்றையும் மூடி வைத்துவிட்டு, மதிய இடைவேளையில் அவளோடு வராந்தாவில் உட்கார்ந்தேன். ஏன் அந்தப் புத்தகங்களை யாரும் எடுப்பதில்லை என்று கேட்டேன்.

‘அவங்க படிச்சுக்கிட்டு இருக்காங்கல்ல டீச்சர். படிச்சிட்டு இருக்கும்போது கையில இருந்து பிடுங்கலாமா?’ என்றாள்.

யார் என்றேன். பெயர்களைச் சொன்னாள். யார் எந்தப் பாயில் உட்கார்ந்திருக்கிறார்கள் என்பதையும் காட்டினாள். ஈரம் இருந்த இடங்கள். அவர்களைப் பார்க்க முடிகிறதா என்றதற்கு, ‘சில நேரம்’ என்று சொல்லிவிட்டு, டிபன் பாக்ஸைக் கழுவ எழுந்தாள். பாதியில் நின்று திரும்பினாள்.

‘எல்லாரும் எங்க ஸ்கூல்தான். கதவுப் பக்கம் உக்காந்திருக்கிற அக்கா மட்டும் யாருன்னு தெரியல. அவங்க இப்பதான் வந்தாங்க. நீங்க வந்த அன்னிக்கு. கண்ணாடி போட்டிருப்பாங்க. பக்கத்தத் திருப்புறதுக்கு முன்னாடி புத்தகத்த மோந்து பாப்பாங்க.’

ஜூலை 10

இன்று வேலை ஓடவில்லை.

ஜூலை 12

எந்தப் பிள்ளைதான் புத்தகத்தை மோந்து பார்க்காது. ஆதிரை பார்ப்பாள். புதுப் புத்தகம் என்றால் நடுவில் விரித்து முகத்தையே உள்ளே விட்டுக்கொள்வாள். பிறகு ஒவ்வொரு பக்கமும் திருப்பும்போது ஒரு சின்ன உறிஞ்சல். ஜலதோஷம் பிடித்த மாதிரி. பேருந்தில் பக்கத்தில் இருப்பவர்கள் திரும்பிப் பார்ப்பார்கள்.

அவளைப் பற்றி இங்கே நான் யாரிடமும் பேசியதில்லை.

ஜூலை 16

ரவூப் சார் வந்திருந்தார். மூவரும் நூலகத்தில் உட்கார்ந்து பேசினோம். நான் இலை விஷயத்தைச் சொல்லவில்லை. பிள்ளைகள் என்ன நம்புகிறார்கள் என்பதை மட்டும் சொன்னேன். ரவூப் சார் சிரிக்கவில்லை. தன் நூலகத்தில் ஒருவர் படித்துக்கொண்டிருக்கும்போது விளக்கை அணைக்கச் சொல்லும் மனசு தனக்கு எப்போதும் வந்ததில்லை என்றார். முடிக்கட்டும் என்று காத்திருப்பாராம்.

அதிலிருந்துதான் பிரிசில்லாவுக்கு யோசனை வந்தது. ‘அப்போ முடிக்க வச்சிரலாம்’ என்றார். பிள்ளைகள் தினமும் ஒரு வகுப்பு நேரம் அந்தப் புத்தகங்களை, இலை இருக்கும் இடத்திலிருந்து, உரக்கப் படிப்பது. முடியும்வரை. முடிந்தபின் அந்தப் புத்தகம் எல்லோருக்கும் பொது.

கல்வி உளவியல்படியும் சரியான முறைதான். ஒப்புக்கொண்டேன்.

ஜூலை 18

ஆரம்பித்தோம். மோனிஷா அவள் அண்ணனின் கடல் புத்தகத்தை எடுத்தாள். எடுக்கும்போது பாயைப் பார்த்து, ‘குடு, நானே படிச்சுக் காட்டுறேன்’ என்றாள். நட்சத்திர மீனுக்கு அறுந்த கை மறுபடி முளைக்கும் என்று வந்த இடத்தில் நிறுத்தி, படத்தைப் பாய்ப் பக்கம் திருப்பிக் காட்டினாள். மற்றப் பிள்ளைகளும் எட்டிப் பார்த்தார்கள். சுவரிலிருந்து ஓரடி விலகி வந்தார்கள்.

ஜூலை 25

நேற்று கடல் புத்தகம் முடிந்தது. கடைசிப் பக்கத்தைப் படித்துவிட்டு மோனிஷா மூடினாள். இன்று காலை முதல் வேலையாகப் பார்த்தோம்; அந்தப் பாய் உலர்ந்திருந்தது. தொட்டுப் பார்த்தேன். வெயிலில் காய்ந்த பாய் மாதிரி மொரமொரப்பு.

‘போயிருச்சு டீச்சர்’ என்றாள். அழவில்லை. மதியம் ஓர் ஆறாம் வகுப்புப் பையன் அந்தப் புத்தகத்தை வீட்டுக்கு எடுத்துப் போனான். இந்த நூலகத்திலிருந்து வெளியே போன முதல் புத்தகம். பிரிசில்லா கழிப்பறைப் பக்கம் போய் முகம் கழுவிக்கொண்டு வந்தார்.

ஒவ்வொன்றாக முடியும். பாய்கள் ஒவ்வொன்றாக உலரும். எல்லாப் பாயும்.

ஜூலை 29

வாசிப்பு நேரத்தைத் தினமும் என்பதிலிருந்து வாரம் ஒன்றாகக் குறைத்திருக்கிறேன். அவசரமாக முடித்தால் ஆய்வுக்குத் தரவு போதாது. பிரிசில்லாவுக்கு உடன்பாடில்லை. ஆனால் ஆய்வுத் தலைவர் நான்.

கதவுப் பக்கத்துப் பாய்க்கு ஒரு புத்தகம் தேவைப்பட்டது. இங்கே இருப்பவை சின்ன வகுப்புக்கானவை. ரவூப் சாரிடம் சொல்லி ஒரு தடித்த நாவல் வரவழைத்தேன், கப்பல் பயணக் கதை. முதல் பக்கத்தில் இலை வைத்தேன். யாரும் அதைத் தொட வேண்டாம் என்று பிள்ளைகளிடம் சொல்லியிருக்கிறேன்.

ஜூலை 30

நாலு பக்கம் நகர்ந்திருக்கிறது.

ஆகஸ்ட் 1

மதியச் சாப்பாட்டை இப்போது நூலகத்திலேயே சாப்பிடுகிறேன். ஸ்டாஃப் ரூமில் பேச்சு அதிகம். உருளைக்கிழங்கு வறுவல் கொஞ்சம் கூடுதலாகவே செய்து கொண்டுபோனேன். இன்னொரு டப்பாவில் வைத்தேன். கதவைச் சாத்திக்கொண்டால் மழைச் சத்தம் மட்டும்தான். அதற்கு நடுவில் ஒரு சின்ன உறிஞ்சல். வராந்தாவில் ஜலதோஷம் பிடித்த பிள்ளை யாராவது நிற்கிறதா என்று எட்டிப் பார்த்தேன். யாரும் இல்லை.

வெகு நாளைக்குப் பிறகு வயிறு நிறையச் சாப்பிட்டேன்.

ஆகஸ்ட் 2

அவர் கூப்பிட்டார். பதினொன்றாம் தேதி வருகிறதாம். அய்யரிடம் சொல்லியாயிற்றாம். ‘நீ இல்லாம நான் எப்படி கோகிலா உக்காருவேன்’ என்றார். ஆய்வு முக்கியமான கட்டத்தில் இருக்கிறது என்றேன். போனை அணைத்து வைத்திருக்கிறேன்.

தலைமையாசிரியரிடம் ஆய்வுக் காலத்தை மார்ச் வரை நீட்டித்துக் கேட்டேன். அப்படியானால் அறை கிடைக்காது என்றார். ஸ்மார்ட் போர்டை வேறு அறையில் வைத்துக்கொள்ளலாம் என்றேன். பிள்ளைகள் இங்கே வராவிட்டாலும் சரி, இந்த அறை வேண்டும் என்றேன். இதை ஏன் அவரிடம் சொன்னேன் என்று தெரியவில்லை.

ஆகஸ்ட் 4

எட்டாம் வகுப்புப் பையன் ஒருவன் அந்த நாவலை எடுத்துப் புரட்டிக்கொண்டிருந்தான். வைடா என்றேன். கொஞ்சம் பலமாகச் சொல்லிவிட்டேன் போல. கையிலிருந்து விழுந்துவிட்டது. இலை வெளியே வந்துவிட்டது. எந்தப் பக்கம் என்று தெரியாமல் போய், தரையில் உட்கார்ந்து தேடினேன். நிமிர்ந்து பார்த்தபோது வகுப்பு முழுக்க மறுபடி சுவரோடு ஒட்டி நின்றது.

ஆகஸ்ட் 5

பிள்ளைகள் யாரும் வரவில்லை.

பிரிசில்லா வந்தார். கதவைச் சாத்திவிட்டு என் எதிரே உட்கார்ந்தார். என் போன் கிடைக்காததால் வீட்டிலிருந்து அவர் பள்ளி அலுவலகத்துக்குக் கூப்பிட்டிருக்கிறார். பிரிசில்லாதான் எடுத்திருக்கிறார். போன ஆடியில் ஆதிரைக்குக் காய்ச்சல் வந்தது, ஆஸ்பத்திரியில் சேர்த்தது, ஐந்தாம் நாள், எல்லாவற்றையும் சொல்லியிருக்கிறார். பதினொன்றாம் தேதி முதல் வருஷத் திதி என்பதையும். அவருக்கு இதெல்லாம் எதற்கு அடுத்தவரிடம்?

நான் டப்பாக்களை அடுக்கினேன்.

‘மேடம், ரெண்டு வருசமா நான் கதவத் தட்டிட்டுத்தான் உள்ள வந்தேன். எனக்கும் அதுங்கள அனுப்ப மனசில்ல. அன்னிக்கு லீவு விடாம இருந்திருந்தா அதுங்க என்கூட ஸ்கூல்ல இருந்திருக்கும். அதனால உங்கள ஒண்ணும் சொல்ல மாட்டேன். ஆனா ஒண்ணு மட்டும் கேளுங்க. முன்னாடி இந்த ரூமுக்கு வர பிள்ளைங்க யோசிச்சுதுங்க, பயப்படல. இப்ப பயப்படுதுங்க. உங்களப் பாத்து.’

அவர் எழுந்து போகும்போது என் டப்பாக்கள் இரண்டையும் கழுவ எடுத்துப் போனார்.

ஆகஸ்ட் 6

மோனிஷாவைக் குழாயடியில் பார்த்தேன். என்னைக் கண்டதும் மற்றப் பிள்ளைகள் விலகினார்கள். அவள் மட்டும் நின்றாள்.

அந்த அக்கா நன்றாக இருக்கிறாளா என்று கேட்டேன். கேட்டேவிட்டேன்.

அவள் பாட்டிலைக் குழாயடியில் வைத்தாள். ‘அவங்க படிக்கல டீச்சர். பக்கத்த மட்டும் திருப்புறாங்க. உங்களத்தான் பாத்துக்கிட்டே இருக்காங்க. நீங்க காலையில வந்து பாப்பீங்கல்ல, அதுக்காகத் திருப்புறாங்க.’

தண்ணீர் நிரம்பி வழிந்துகொண்டிருந்தது. அவள் குழாயை மூடினாள்.

‘எங்கண்ணனும் புக்கு முடிஞ்சதும் உடனே போகல. நான் போன்னு சொன்னேன். அப்புறந்தான் போச்சு. நீங்க சொல்லலைன்னா அவங்க எப்படிப் போவாங்க?’

ஆகஸ்ட் 7

காலை வகுப்பு தொடங்குமுன் போனேன். பனி ஜன்னல்வரை வந்து நின்றது. கதவுப் பக்கத்துப் பாய் ஈரமாக இருந்தது. அதன் எதிரே உட்கார்ந்தேன். நாவலை எடுத்து இலை இருந்த இடத்தைத் திறந்தேன். நான் படித்துப் பார்த்ததே இல்லை. அவளுக்குப் பிடிக்கிற மாதிரிக் கதையே இல்லை அது. கப்பல், வியாபாரம், சண்டை. முதல் அத்தியாயத்திலேயே தூக்கிப் போட்டிருப்பாள். என் பொருட்டு இவ்வளவு பக்கம்.

இலையை எடுத்துவிட்டுப் புத்தகத்தை மூடினேன்.

அவளிடம் பேசினேன். என்ன பேசினேன் என்பது ஆய்வுக்கு வேண்டாம். கடைசியில் சொல்ல வேண்டியதைச் சொல்ல வாய் திறந்தால், ‘போயிட்டு வா’ என்றுதான் வருகிறது. பள்ளிக்கூடம் கிளம்பும்போது, டியூஷன் கிளம்பும்போது, ஆஸ்பத்திரியில் ஸ்ட்ரெச்சரைத் தள்ளிக்கொண்டு போகும்போதுகூட அப்படித்தான் சொன்னேன். போ என்று யாரும் தன் பிள்ளையிடம் சொல்ல மாட்டார்கள். மூன்று முறை வாய் குழறியது. உறிஞ்சல் மிக அருகில், என் தோளுக்கும் கழுத்துக்கும் நடுவில் கேட்டது. என் தலைமுடியை மோந்து பார்க்கிற மாதிரி.

‘போ கண்ணு’ என்றேன்.

பிறகு மழைச் சத்தம் மட்டும்.

பிரிசில்லாவின் சாவியை அவரிடம் திருப்பிக் கொடுத்தேன். வாசிப்பு நேரம் இனி தினமும் நடக்கட்டும் என்று சொல்லிவிட்டு மதியப் பேருந்தில் ஏறினேன்.

ஆகஸ்ட் 11

கோயம்புத்தூர். அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். எள்ளும் தண்ணீரும் விடும்போது அவர் கையைப் பிடித்துக்கொண்டேன்.

ஆகஸ்ட் 28

திரும்பி வந்தபோது நூலகத்தில் கால் வைக்கவே இடமில்லை. கீழ் டிவிஷன் புத்தகங்கள் எல்லாவற்றையும் படித்து முடித்துவிட்டார்களாம். பாய்களில் குப்புறப் படுத்துக்கொண்டும், ஒருவன் முதுகில் ஒருவன் சாய்ந்துகொண்டும். நான் உள்ளே நுழைந்ததும் ஒரு நொடி அமைதி. எட்டாம் வகுப்புப் பையனைத் தேடிப்பிடித்து, அன்று கத்தியதற்கு வருந்துகிறேன் என்றேன். பரவாயில்லை டீச்சர் என்று சொல்லி, பக்கத்தில் நகர்ந்து இடம் கொடுத்தான். உட்கார்ந்தேன். பாய் உலர்ந்திருந்தது. எல்லாப் பக்கமும் தடவிப் பார்த்தேன். உலர்ந்துதான் இருந்தது.

தலைமையாசிரியர் ஸ்மார்ட் போர்டை ஆய்வகத்தில் மாட்டிக்கொள்ளச் சம்மதித்துவிட்டார். ரவூப் சார் மாதம் ஒரு பெட்டி மாற்றி மாற்றி அனுப்புகிறார்.

எல்லாம் நன்றாக நடக்கிறது. குவார்ட்டர்ஸுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன்.

செப்டம்பர் 16

டவுனில் ரவூப் சாரின் நூலக மாடியில் குழுக் கூட்டம். மாவட்டத்தின் பல பள்ளிகளிலிருந்தும் நூலகப் பொறுப்பாசிரியர்கள் வந்திருந்தார்கள். ஊசிப்பாறை பற்றி அறிக்கை வாசித்தேன். வாசிப்பு நேரம், கிளை நூலகத்தோடு கூட்டு, பிள்ளைகளையே கேட்டு முடிவெடுத்தல். படங்கள் காட்டினேன். கை தட்டினார்கள்.

கேள்வி நேரத்தில், பின் வரிசையிலிருந்து ஓர் ஆசிரியர் எழுந்தார். ஆற்றங்கரைப் பள்ளி ஒன்றில் கணக்கு ஆசிரியர், பெயர் தணிகைநாதன். அறிக்கையில் ஒன்று புரியவில்லை என்றார். ஜூலைக் கடைசியில் வாசிப்பு நேரம் ஏன் குறைந்தது? ஆகஸ்டில் சில நாள் பிள்ளைகள் ஏன் வரவே இல்லை?

மழை என்று சொல்லியிருக்கலாம். பதில் நாக்கில் தயாராக இருந்தது. பிரிசில்லா தன் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

‘போன வருஷம் என் பொண்ணு செத்துப்போயிட்டா’ என்றேன். அந்த வார்த்தையை நான் இதுவரை சொன்னதில்லை. பிறகு நிறுத்த முடியவில்லை. பாய்கள், இலைகள், ஈரம், நான் செய்தது, அவள் போனது எல்லாம். ஆராய்ச்சிக் கூட்டத்தில் பேசக்கூடாத எல்லாவற்றையும் பேசினேன். இனி இந்தக் குழுவில் என்னை யாரும் மதிக்க மாட்டார்கள் என்று நினைத்துக்கொண்டே காகிதங்களை அடுக்கினேன்.

தணிகைநாதன் உட்காரவில்லை. நின்றுகொண்டே இருந்தார். எழுதி வைத்திருந்த அடுத்த கேள்வியை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

‘எங்க நூலகத்துல ஒரு பெஞ்சு இருக்குங்க’ என்றார். ‘ஜன்னலோரம். வெளிச்சம் நல்லா விழுற எடம். பசங்க யாரும் அதுல உக்கார மாட்டாங்க. ரெண்டு தடவ இழுத்துப் போட்டுப் பாத்துட்டேன். காலையில வந்தா ஜன்னலோரம் திரும்பி வந்திருக்கும். வாட்ச்மேன் செய்யிறார்னுதான் இத்தன நாளா நெனச்சுக்கிட்டிருந்தேன்.’

யாரும் சிரிக்கவில்லை. முன் வரிசையில் ஓர் அம்மா மெல்லக் கையைத் தூக்கி, என்ன நினைத்தாரோ, இறக்கிக்கொண்டார். பிறகு மறுபடி தூக்கினார். அவருக்குப் பக்கத்தில் இன்னொருவரும்.

ரவூப் சார் எழுந்துபோய்ப் படிக்கட்டுக் கதவைச் சாத்திவிட்டு வந்தார். பிரிசில்லா எனக்கு ஒரு டம்ளர் தண்ணீர் நகர்த்தினார். குடித்துவிட்டு, தணிகைநாதனை உட்காரச் சொன்னேன்.

அந்தப் பிள்ளையின் பெயர் என்ன என்று கேட்டேன்.